சைகோன் மேசைகள்: பாதி சீனம், மீதி பச்சிலை

வியாழன்

திருச்சியில் நள்ளிரவுக்கு மேல் விமானம் ஏறினால் ஹோ சி மின் நகரத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 1976-இல் ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் இங்குள்ளவர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வந்திருப்பது நானும் அம்மாவும். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பெரிய பட்டியல் எதுவும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் போகிற சீனக் கடை, வியட்நாம் கடை இரண்டிலும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது, நடுவில் நடப்பது, அவ்வளவுதான். அம்மாவுக்குச் சில சட்டங்கள் உண்டு. மாடு, பன்றி கிட்டவே வரக்கூடாது. கோழி, மீன், இறால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. எனக்குச் சட்டமே இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே கடையில் சாப்பாடு கிடைக்க வேண்டும், அதுதான் இந்தப் பயணத்தின் சவால்.

பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேராக ஃபோ கடைக்குப் போனோம். ஃபோ என்றால் சூடான சாற்றில் அரிசி நூடுல்ஸ். எனக்கு மாட்டிறைச்சி ஃபோ, அம்மாவுக்குக் கோழி ஃபோ. மாட்டு எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் போட்டு இறக்குகிற சாறு அது. வாசனை நமக்குப் புதிதல்ல. பிரியாணி வைக்கிற வீட்டில் இருக்கிற சாமான்கள்தான். கோழிச் சாறு இன்னும் தெளிவு. "கோழி ரசத்துல சேமியா போட்ட மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றார் அம்மா.

கிண்ணத்தைவிட என் கண் போனது பக்கத்தில் வைத்த தட்டின் மேல். துளசி வகையில் ஒன்று, நீளமாக ரம்பப் பல் போல ஓரம் வெட்டிய கொத்தமல்லி வகையில் ஒன்று, முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு, மிளகாய். எல்லாம் மலையாய்க் குவிந்திருந்தன. வடக்கே ஹனோயில் ஃபோவுக்கு இத்தனை அலங்காரம் கிடையாது. 1954-இல் நாடு இரண்டானபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வடக்கத்தியர் தெற்கே வந்தார்கள். ஃபோ கடைகள் சைகோனில் பெருகியது அப்போதுதான். இங்கே வந்ததும் தெற்கத்தியர் அதில் இலையைக் கிள்ளிப் போட்டார்கள், இனிப்பான கறுப்புச் சாஸை ஊற்றினார்கள். சாற்றிலேயும் ஒரு தித்திப்பு ஏறிவிட்டது. வடக்கத்தியர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்களாம். எனக்கென்னவோ இந்த இலைத் தட்டு இல்லாமல் ஃபோ வெறும் நோயாளிச் சாப்பாடாகப் படுகிறது.

பத்து மணிக்கு மேல் லீ சின் தாங் தெருவுக்கு ஒரு நடை. அங்கே ஃபோ பின் என்று ஒரு பழைய கடை. போர்க்காலத்தில் கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் உட்கார்ந்து ஃபோ சாப்பிட, மாடியில் எதிர்த்தரப்பான கம்யூனிஸ்டுகளின் ரகசியக் குழு கூடியது. 1968 புத்தாண்டுத் தாக்குதலில் சைகோனுக்கான கட்டளை அந்த மாடியிலிருந்துதான் போனது. நான் இன்னொரு கிண்ணம் வாங்கினேன். அம்மா சுவரில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்.

ஒரு விஷயம் சொல்லிவைக்கிறேன். மேசையில் வேர்க்கடலை, பிளாஸ்டிக் உறையில் ஈரத்துண்டு எல்லாம் கேட்காமலே வைப்பார்கள். சில கடைகளில் தொட்டால் காசு. அதிகமில்லை, துண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் டோங். நம் காசில் பத்து ரூபாய் வாக்கில்தான். ஒரு லட்சம் டோங் என்பதே முன்னூற்றுச் சொச்சம் ரூபாய்தான். ஆனால் ரசீதில் ஐந்து பூஜ்யத்தைப் பார்த்ததும் அம்மா ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறார்.

வெள்ளி

இன்று வெள்ளிக்கிழமை. பௌர்ணமியும்கூட. அம்மாவுக்கு என்ன வாங்கித் தருவது என்று நேற்று இரவே கவலைப்பட்டேன். வெளியே வந்து பார்த்தால் ஊரில் பாதி சைவம்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்த வழக்கம் உள்ளவர்கள் இங்கே இறைச்சி தொடுவதில்லை. வருஷம் முழுக்கக் கடைப்பிடிக்க முடியாதவர்கள்கூட இந்த இரண்டு நாளை விடுவதில்லை. தினமும் இறைச்சி விற்கிற தள்ளுவண்டிக்காரர்கள் சிலர் இன்று மட்டும் சைவ அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர்ப்பலகையில் 'சாய்' என்று இருந்தால் சைவம். தேநீரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மீன் சாறு (மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கிற சாஸ்), முட்டை எதுவும் இருக்காது. கண்டிப்பான சில கடைகளில் வெங்காயம், பூண்டும் கிடையாது. அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லப்போகிற முதல் செய்தி இதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் போனது ஒரு சந்துக்குள் இருந்த கடை. முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல், அலுமினிய மேசை. ஹூ தியூ கேட்டோம். முள்ளங்கி, கேரட், மக்காச்சோளம், காய்ந்த காளான் போட்டு வைத்த சாறு. அதில் மெல்லிய அரிசி நூடுல்ஸ், பொரித்த டோஃபு, காளான். பக்கத்தில் வழக்கமான இலைத் தட்டு. அம்மா முதலில் சாற்றை மட்டும் கரண்டியால் குடித்துப் பார்த்தார். அப்புறம் குச்சியை ஒதுக்கிவிட்டு முள்கரண்டி கேட்டார். அது வரும் வரை பொறுமை இல்லாமல் கையாலேயே டோஃபுவை எடுத்துத் தின்றார். கடைக்கார அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் நாலு துண்டு போட்டார். கிண்ணம் முப்பத்தைந்தாயிரம் டோங்.

சாப்பிட்டுவிட்டு ட்ருவாங் தின் தெரு மாரியம்மன் கோயில். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே வட்டித் தொழில் செய்ய வந்த செட்டியார்களும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்தவர்களும் விட்டுப்போன கோயில்களில் ஒன்று. 1975-க்குப் பிறகு தமிழர் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அம்மனைக் கும்பிடுகிறவர்கள் இப்போது வியட்நாமியரும் சீனரும்தான். கட்டுக் கட்டாக ஊதுபத்தி. கருவறைக்குப் பின்னால் கல் சுவரில் நெற்றியை ஒட்டவைத்து வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். அம்மா அவர்கள் பின்னாலேயே வரிசையில் நின்று, தானும் நெற்றியை வைத்துவிட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்லவில்லை.

சனி

இன்று முழுக்கச் சோலோன். இந்தப் பதிவு நீளமாகப் போகும்.

சோலோன் முன்பு தனி நகரம், சீனர்களின் வணிக ஊர். 1931-இல் சைகோனோடு இணைத்தார்கள். 2025 ஜூலையில் மாவட்டங்களை எல்லாம் கலைத்துவிட்டார்கள். ஆனாலும் கார் ஓட்டி வந்த தம்பி 'ஐந்தாம் மாவட்டம்' என்றுதான் சொன்னார். இங்குள்ள சீனர்களில் கான்டன்காரர், தியோச்சூ, ஹொக்கியன், ஹைனான், ஹக்கா என்று பல பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சங்கக் கோயில், தனிச் சமையல். 1978-இல் தனியார் வியாபாரத்தை அரசு முடக்கியது. அடுத்த ஆண்டு சீனாவோடு போர். லட்சக்கணக்கில் படகேறிப் போய்விட்டார்கள். 2019 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சீன வம்சாவளியினர் ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

காலை ஏழு மணிக்கு டிம் சம் கடை, சின்னச் சின்னக் கூடைகளில் தருகிற சீனச் சிற்றுண்டி. வயதானவர்கள் கூட்டம். ஒருவர் சீன மொழி நாளிதழை விரித்து வைத்திருந்தார். இந்த ஊர்க் கட்சிப் பத்திரிகைக்கே சீனப் பதிப்பு ஒன்று உண்டு. மூங்கில் கூடைகளை ஒரு பெரிய தட்டில் அடுக்கிக் கொண்டுவருகிறார்கள், வேண்டியதைக் கைகாட்டி எடுத்துக்கொள்ளலாம். இறால் வைத்த ஹா காவ் கொழுக்கட்டை எடுத்தால் அதிலும் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அம்மாவிடம் சொன்னேன், கூடையை என் பக்கம் தள்ளிவிட்டார். கோழிக்கால் வந்தது. பொரித்து, ஊறவைத்து, கறுப்பு அவரைச் சாஸில் வேகவைத்தது. நம் வீட்டில் சூப்புக்கு மட்டும் போடுகிற பொருள். எலும்பு தனியாகக் கழன்று வருகிற பதம். ஒரு கூடை முடிந்து இன்னொரு கூடை போயிற்று. நான் கணக்கில் சேரவே இல்லை.

அப்புறம் பின் தாய் சந்தை. இதைக் கட்டிக்கொடுத்தவர் குவாக் டாம் என்கிற தியோச்சூக்காரர். வெறுங்கையோடு வந்து, பழைய சாமான் பொறுக்கி விற்று ஆரம்பித்தவர். பெரிய வியாபாரி ஆனதும் சதுப்பு நிலத்தை வாங்கி, அதில் சந்தையைக் கட்டி நகரத்துக்குக் கொடுத்தார். சுற்றியுள்ள கடைத்தெருக்களைக் கட்டுகிற உரிமை அவருக்குக் கிடைத்தது. நல்ல கணக்குதான். சந்தை 1928-இல் திறந்தது, அவர் அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார். நடு முற்றத்தில் அவருக்குச் சிலை, முன்னால் ஊதுபத்தி. சாமியா வியாபாரியா என்று அம்மா கேட்டார். இரண்டும்தான் என்றேன். காய்ந்த இறால், கணவாய், காளான், தாமரை விதை, சீனத் தொத்திறைச்சி என்று மொத்த வியாபாரம் நடக்கிற இடம். அம்மா இரண்டு கிலோ காய்ந்த ஹூ தியூ நூடுல்ஸ் வாங்கினார். நேற்றுச் சாப்பிட்டதன் விளைவு.

பதினொரு மணி வாக்கில் நான் தேடி வந்த வண்டி கண்ணில் பட்டது. சோலோனின் பழைய நூடுல்ஸ் வண்டிகள் மரத்தால் ஆனவை. கண்ணாடியில் வண்ணப் படங்கள், தாடி வைத்த சீன வீரர்கள், குதிரைகள், போர்க்களம். இப்போது வண்டி நகர்வதில்லை, கடை வாசலிலேயே நிற்கிறது. அதற்குள்தான் கொதிக்கும் பானை. மெல்லிய முட்டை நூடுல்ஸை ஒரு அள்ளு, சில வினாடி வெந்நீரில், உடனே எடுத்து உதறுகிறார். கிண்ணத்தில் பன்றிக் கொழுப்பு வறுவல் கொஞ்சம், மேலே சிவப்பாக வாட்டிய பன்றித் துண்டுகள், பூண்டுத் தாள். மேசையில் மீன் சாறு இல்லை. சோயா சாஸும் ஒரு சிவப்பு வினிகரும் மட்டும். வினிகரை நாலு சொட்டு விட்டதும் கொழுப்பின் கனம் இறங்கிவிட்டது. அம்மா அடுத்த கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஐஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சைகோனில் ஒரு கடை சீனமா வியட்நாமா என்று பெயர்ப்பலகையில் பார்க்காதீர்கள், மேசையில் பாருங்கள். சிவப்பு வினிகரும் சோயாவும் மட்டும் இருந்தால் சீனக் கை. மீன் சாறு, எலுமிச்சை, இலைத் தட்டு வந்தால் சமையல் எங்கிருந்து வந்திருந்தாலும் வியட்நாமாகிவிட்டது என்று பொருள். ஹூ தியூவே அதற்குச் சாட்சி. அது தியோச்சூக்காரர்களின் அரிசி நூடுல்ஸ். கம்போடியா வழியாகவும் வந்தது. நோம் பென் பெயரைச் சுமக்கிற வகைதான் இங்கே பிரபலம். பன்றி எலும்பு, காய்ந்த கணவாய் சேர்ந்த சாறு, மேலே ஈரல், இறால், காடை முட்டை. பக்கத்தில் செவ்வந்திக் கீரை, முளைப்பயறு. சீனக் கடையிலும் கிடைக்கிறது, வியட்நாம் கடையிலும் கிடைக்கிறது, கம்போடியப் பெயரோடு. ஃபோவுக்கு உலகம் முழுக்கப் புகழ். ஆனால் சைகோனின் சொந்தச் சாப்பாடு எது என்று கேட்டால் நான் ஹூ தியூவைத்தான் சொல்வேன்.

ஃபா லாவ் கதையும் இதேதான். குடல், ஈரல், காது எல்லாவற்றையும் ஐந்து மசாலாவில் கறுப்பாகக் கொதிக்கவைக்கிற தியோச்சூச் சமையல். தெரு முனையில் நான் சாப்பிட்ட கிண்ணத்தில் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தது. தொட்டுக்கொள்ளப் புளியும் மீன் சாறும் கலந்த சட்னி, தோய்த்துச் சாப்பிட பிரெஞ்சு ரொட்டி. ஒரு குட்டிக் கிண்ணத்தில் எத்தனை நாடு!

மத்தியானம் வெயில் தாங்கவில்லை. கான்டன்காரர்களின் தியென் ஹாவ் கோயிலில் உட்கார்ந்தோம். கடல் தெய்வம், 1760 வாக்கில் கட்டியது. கூரையிலிருந்து கூம்பு வடிவ ஊதுபத்திச் சுருள்கள் தொங்குகின்றன. பக்கத்திலேயே ஹாய் துவாங் லான் ஓங் தெரு, முழுக்கச் சீன மருந்துக் கடைகள். தெருவே கஷாய வாசனை. அம்மா மூக்கை மூடாமல் நடந்த ஒரே தெரு இதுதான். மற்ற இடங்களில் மீன் சாறு அவரை விரட்டுகிறது.

மாலையில் ஹா தோன் குயென் தெரு. வரிசையாகச் சுய் காவ் என்கிற சீனக் கொழுக்கட்டைக் கடைகள், வாசலிலேயே மடித்து மடித்து அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கு மேல் பெரிசு, உள்ளே முழு இறால். சாற்றில் மிதக்கவிட்டும் தருகிறார்கள், பொரித்தும் தருகிறார்கள். மிளகாய்ச் சாஸ் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன், சோலிமெக்ஸ். சோலோனில் பிறந்த நிறுவனம். அமெரிக்காவில் சேவல் படம் போட்டு விற்கிற ஸ்ரீராச்சா மிளகாய்ச் சாஸுக்கும் இந்த நாட்டோடு தொடர்பு உண்டு. 1978-இல் கப்பலேறிப் போன சீன வம்சாவளிக்காரர் டேவிட் டிரான், ஏறிப்போன கப்பலின் பெயரையே அதைத் தயாரிக்கிற தன் கம்பெனிக்கு வைத்தார்.

கடைசியாகச் சாவ் வான் லியெம் தெருவில் சீன இனிப்பு. கறுப்பு எள்ளை அரைத்துக் காய்ச்சிய சூடான கூழ் ஒன்று. தேநீரில் வேகவைத்த முட்டையை இனிப்புத் தேநீரோடு தருகிற இன்னொன்று. எள் கூழ் அம்மாவுக்கு. முட்டையை நான் ஆர்வத்தில் வாங்கினேன். இன்னொரு தடவை வாங்கமாட்டேன்.

ஞாயிறு

மழை. விடுதியைச் சுற்றியே ஒரு நாள்.

காலையில் காவ் தாங் தெருவில் ஹோவா மா. 1958-இல் வடக்கத்தியத் தம்பதி தொடங்கிய பான் மி கடை. ரொட்டிக்குள் எல்லாவற்றையும் திணித்துக் கையில் கொடுக்கிற வழக்கத்தைச் சைகோனில் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள். இங்கே சிறப்பு, சூடான இரும்புச் சட்டியில் முட்டையும் இறைச்சியும் தனியாக, ரொட்டி தனியாக. அம்மாவுக்கு முட்டை மட்டும் என்று கை ஜாடையிலேயே சொல்லி வாங்கிவிட்டேன். சந்தில் உட்கார்ந்து, கூரைத் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சாப்பிட்டோம்.

மத்தியானம் கம் தாம். நொய்யரிசிச் சோறு. அரவையில் உடைந்து ஒதுங்குகிற அரிசி, ஒரு காலத்தில் ஏழைகளுடையது. இன்று அதுதான் சைகோனின் பெருமை. நல்ல அரிசியைவிட நொய்யைத் தேடி வருகிறார்கள். மேலே கரியில் சுட்ட பன்றி விலா, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் இனிப்பு மீன் சாறு. அம்மாவுக்குச் சுட்ட கோழி. "நாங்க இதைக் கோழிக்குப் போடுவோம், இவங்க கோழியை இதுக்கு மேல போடுறாங்க" என்றார். மீன் சாறைத் தொடாமல் முழுத் தட்டையும் முடித்தார்.

திங்கள்

இரவு விமானம். பகல் முழுக்க இருக்கிறது.

காலை சைகோன் கோழிக் கறியில் தொடங்கினோம். கா ரி கா என்றுதான் கேட்க வேண்டும். இந்தியர்களோடு வந்த கறி, இப்போது முழுக்க இந்த ஊர்க்காரர். மஞ்சள் நிறம் இருக்கிறது, கறித்தூள் வாசனை இருக்கிறது. ஆனால் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ந்து காரத்தை மூடிவிட்டன. தொட்டுக்கொள்ள ரொட்டி. மேசையில் இலைத் தட்டு வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. நம் கறியும் தப்பவில்லை. அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இது கறி இல்லடா, கோழிப் பாயசம்" என்றார். உப்பு, மிளகு, எலுமிச்சை கலந்து தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். கோழியை அதில் தோய்த்தால் தேறுகிறது.

மத்தியானம் மறுபடியும் சோலோன், ஹைனான் கோழிச் சோறு. கொதிநீரில் பதமாக வேகவைத்த கோழி, அந்தச் சாற்றிலேயே கோழிக் கொழுப்பும் பூண்டும் இஞ்சியும் போட்டு வடித்த சோறு. பன்றி இல்லை, மாடு இல்லை, மீன் சாறு வேண்டுமானால் மட்டும். அம்மாவின் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதிய சமையல். இஞ்சிச் சட்னி இரண்டு முறை கேட்டு வாங்கினார். கல்லாவில் இருந்த பெரியவர் சமையல்காரரிடம் சீனத்தில் பேசினார், பரிமாறிய பேத்தியிடம் வியட்நாமியத்தில் பேசினார். பேத்தி எங்களிடம் ஆங்கிலத்தில், எந்த நாடு என்று கேட்டாள். சொன்னதும் பெரியவர் பெரிதாகத் தலையாட்டி, "கா ரி!" என்றார். அம்மாவும் தலையாட்டினார். காலையில் சொன்ன பாயச விமர்சனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் டோங். முதல்முறையாக அம்மா ரசீதைப் பார்த்துத் திடுக்கிடாமல், மனக்கணக்குப் போட்டு, "ஐந்நூத்துச் சொச்சம், பரவால்ல" என்றார்.

இதை விடுதி வாசல் சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா, நூடுல்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைக்கிறார், மறுபடி பெட்டிக்கே மாற்றுகிறார். கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி. நூடுல்ஸ் இரண்டு கிலோ, போதாதென்று இன்று காலையில் வாங்கிய காய்ந்த காளான் அரைக் கிலோ, எள் ஒரு கிலோ. எள் நம் ஊரில் கிடைக்காதா என்று கேட்டேன், பதில் வரவில்லை. கார் வந்துவிட்டது.